அமெரிக்கச் சுங்கத்தின் ‘க்ராஸ்’ தேடுதளமும் இ-ரூலிங்கும்: வீட்டு விளக்கு இறக்குமதியாளருக்கு எவ்வளவு உதவும்?

அமெரிக்காவுக்குள் வீட்டு விளக்கு இறக்குபவர், எச்.எஸ். கோடு (சரக்கை வகைப்படுத்தும் சுங்க எண்) கண்டுபிடிக்கும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கும் முன் பார்த்துவிட வேண்டிய சேவைகள் இரண்டு. இரண்டையும் அமெரிக்கச் சுங்கத் துறையே நடத்துகிறது, இரண்டுமே இலவசம். ஒன்று க்ராஸ்: துறை இதுவரை வெளியிட்ட ரூலிங்குகளை, அதாவது எந்தச் சரக்குக்கு எந்த எண் என்று எழுத்தில் தந்த முடிவுகளை, தேடிப் படிக்கும் தளம். இன்னொன்று இ-ரூலிங்: உங்கள் சரக்குக்கு எந்த எண் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, துறையைக் கட்டுப்படுத்தும் பதிலை வாங்கும் வசதி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். க்ராஸில் விளக்குகளுக்கான விடை அநேகமாக இருக்கும். ஆனால் அந்த விடை இன்றைக்கும் செல்லுமா, உங்கள் விளக்குக்குப் பொருந்துமா என்பதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். இ-ரூலிங் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அதில் பயன் கிடைக்கும்.

க்ராஸில் தேடும்போது சறுக்கும் முதல் இடம் ஆண்டுதான். உலகச் சுங்க அமைப்பு 2022 ஜனவரி 1 முதல் விளக்குகளுக்கான 9405 தலைப்பைப் பிரித்து எழுதியது. அமெரிக்கக் கட்டண அட்டவணையில் அது 2022 ஜனவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கூரை விளக்கும் சுவர் விளக்கும் 9405.10, மேசை விளக்கும் தரை விளக்கும் 9405.20, கிறிஸ்துமஸ் மரச் சீரியல் செட் 9405.30, மற்ற மின்விளக்குகள் 9405.40. இப்போது 9405.10 இரண்டாகிவிட்டது: எல்.இ.டி. மட்டுமே பொருத்தும்படி வடிவமைத்தவை 9405.11, மற்றவை 9405.19. அதே போல 9405.21, 9405.29. சீரியல் செட்டுக்கு 9405.31, 9405.39. மீதி மின்விளக்குகளில் சூரிய மின்கலத்தோடு வரும் எல்.இ.டி. விளக்கு 9405.41, மற்ற எல்.இ.டி. விளக்கு 9405.42, எஞ்சியவை 9405.49. எண்ணெய், மெழுகுவத்தி போன்ற மின்சாரம் இல்லாத வகை 9405.50இல் அப்படியே நிற்கிறது.

இதனால் நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், புது எண்ணைப் போட்டுத் தேடினால் 2022க்குப் பிந்தைய ரூலிங்குகள் மட்டும் வரும். அதற்கு முந்தையவை பழைய எண்ணோடு அப்படியே கிடக்கின்றன, அலசல் அதிகம் இருப்பதும் அவற்றில்தான். ஆகவே ஒவ்வொரு தேடலையும் இரண்டு முறை செய்ய வேண்டும்: ‘9405.11’ என்று ஒரு முறை, ‘9405.10’ என்று ஒரு முறை. ரத்தான ரூலிங்கையும் திருத்தப்பட்டதையும் தளம் பக்கத்தின் மேலேயே காட்டிவிடும், அதில் குறையில்லை. எண் மட்டும் காலாவதியான ரூலிங்கைப் புது எண்ணுக்கு மாற்றிப் படிப்பது உங்கள் வேலை. 1989க்கு முன் வேறொரு கட்டண அட்டவணை இருந்தது. அந்தக் காலத்துக் கடிதம் எதுவும் கண்ணில் பட்டால் கடந்துவிடலாம்.

எல்.இ.டி. பிரிவில்தான் இப்போது அதிகம் குழப்பம். பெட்டியில் எல்.இ.டி. பல்பு இருக்கிறது, ஆகவே 9405.21 என்று போட்டுவிடுகிறார்கள். அட்டவணையின் சொல்லோ ‘எல்.இ.டி. ஒளிமூலத்தோடு மட்டுமே பயன்படுத்த வடிவமைத்தது’ என்கிறது. சாதாரணத் திருகு ஹோல்டர் உள்ள மேசை விளக்கில் எந்த பல்பையும் மாட்டலாம். எல்.இ.டி. பல்பைச் சேர்த்து விற்பதால் விளக்கின் வடிவமைப்பு மாறிவிடாது. அது 9405.29. எல்.இ.டி. ஒளித்தகடு உள்ளேயே நிலையாகப் பொருத்தப்பட்டு, மாற்ற வேறு வழியே இல்லை என்றால் 9405.21. இந்தத் தவறால் இறக்குமதித் தீர்வையில் வித்தியாசம் வராது, விகிதம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனாலும் தவறான எண் தவறான எண்தான். ஒரே மாதிரியான பத்து இன்வாய்ஸில் அது திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் மற்ற எண்களையும் சந்தேகப்படக் காரணம் கொடுத்த மாதிரி ஆகும்.

பணம் போவது பொருளின் உலோகத்தில். கூரை, சுவர் விளக்குகளில் பித்தளையால் ஆனவற்றுக்கு அடிப்படைத் தீர்வை 3.9 சதவீதம். பித்தளை அல்லாத மற்ற அடிப்படை உலோகங்களுக்கு, அதாவது இரும்பு, அலுமினியம், துத்தநாக வார்ப்பு போன்றவற்றுக்கு, 7.6 சதவீதம். மரம், கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக் போன்ற மற்றவை 3.9 சதவீதம். மேசை, தரை விளக்குகளில் இதே வரிசையில் 3.7, 6, 3.9. எட்டு இலக்க எண்ணில் கடைசி இரண்டு இலக்கமாக வரும் 40, 60, 80 இந்த மூன்று பிரிவையும் காட்டும்: 9405.11.40 பித்தளை, 9405.11.60 மற்ற உலோகம், 9405.11.80 மீதி. ‘வீட்டு உபயோகம்’ என்ற பிரிவு பத்து இலக்கப் புள்ளிவிவர நிலையில்தான் வருகிறது. அதனால் தீர்வை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

20,000 டாலர் மதிப்புள்ள சுவர் விளக்குகளை எடுத்துக்கொள்வோம். 60 என்று முடியும் எண்ணில் போனால் தீர்வை 1,520 டாலர், 40இல் போனால் 780. வித்தியாசம் 740 டாலர். இந்த ஆசையில்தான் ‘ஆன்டிக் பிராஸ்’ என்று கேட்லாக்கில் போட்ட விளக்குகள் பித்தளை எண்ணில் நுழைகின்றன. அவற்றில் பெரும்பாலானவை இரும்புக் குழாயின் மேல் பித்தளை நிறப் பூச்சோ முலாமோ பூசியவை. பூச்சு வகைப்பாட்டை மாற்றாது. அடியில் இருக்கும் உலோகம் எது, எடையில் அது எத்தனை சதவீதம் என்பதுதான் கேள்வி. காந்தம் ஒட்டினால் அது பித்தளை இல்லை என்பது கிடங்கிலேயே தெரிந்துவிடும். ஒட்டாததெல்லாம் பித்தளை ஆகிவிடாது, துத்தநாகமும் அலுமினியமும்கூட ஒட்டாது. தயாரிப்பாளரிடம் ஒவ்வொரு பாகத்தின் எடையையும் பொருளையும் பட்டியலாக எழுதி வாங்குங்கள். சுங்கத்தின் ஆய்வகம் மாதிரியைச் சோதிக்க முடியும், சோதித்தும் இருக்கிறது.

ஒரே விளக்கில் பல பொருள்கள் கலந்திருந்தால், வகைப்படுத்துவது எப்படி என்று சொல்லும் பொது விதிகளில் 3(ஆ) வருகிறது: எந்தப் பொருள் அந்த விளக்குக்கு அதன் முக்கியத் தன்மையைத் தருகிறதோ அதைப் பின்பற்ற வேண்டும். பீங்கான் உடல், அடியில் மெல்லிய இரும்புத் தட்டு, மேலே துணி ஷேடு உள்ள மேசை விளக்கில் விடை எளிது. இரும்புச் சட்டகத்தில் நூற்றுக்கணக்கான கண்ணாடித் துண்டுகள் தொங்கும் சரவிளக்கில் அப்படி இல்லை. எடை, மதிப்பு, பருமன், ஒவ்வொரு பொருளும் செய்யும் வேலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். க்ராஸில் இதற்குப் படம் இல்லாமல் சொற்களில் மட்டும் இருக்கும் வர்ணனையைப் படித்துவிட்டு ‘நம்முடையது போலத்தான்’ என்று முடிவு கட்டுவது ஆபத்து. பெரும்பாலான ரூலிங்கில் பொருளின் பகுப்பு சதவீதம் ஓரிரு வரியில்தான் வரும், சிலவற்றில் அதுவும் இருக்காது. தளத்தின் உண்மையான குறை இதுதான் என்பேன். தேடல் பெட்டியின் குறையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பலர் கவனிக்காத இன்னொன்று, தனியாக வரும் பாகங்கள். கண்ணாடி ஷேடும் பல்பை மூடும் கண்ணாடி உருண்டையும் மட்டும் இறக்குமதியானால் 9405.91இல் 12 சதவீதம். முழு விளக்கின் விகிதத்தைவிட அதிகம்! பிளாஸ்டிக் பாகம் 9405.92இல் 3.7. துணி ஷேடு போன்ற மற்றவை 9405.99.40இல் 6. ஆகவே உடல் ஒரு கப்பலிலும் கண்ணாடி ஷேடு அடுத்த கப்பலிலும் வருமாறு ஆர்டரைப் பிரிப்பவர், தெரியாமலே அதிகத் தீர்வை கட்டுகிறார். ஒரே சரக்கில் பிரித்துக் கட்டிய நிலையில் எல்லாப் பாகமும் ஒன்றாக வந்தால், பொது விதி 2(அ)படி அது முழு விளக்குதான். பல்பு இல்லை என்பதாலும் அது பாகம் ஆகிவிடாது. உதிரி ஷேடு ஸ்டாக் வைக்க வேண்டியிருந்தால் அதை இன்வாய்ஸில் தனி வரியாகக் காட்டுங்கள். நூறு விளக்கோடு நூற்றிருபது ஷேடு வந்தால், மிச்சம் இருபதுக்கு விளக்கின் எண் செல்லாது.

இரண்டு தலைப்புகளுக்கு நடுவே எல்லைக்கோட்டில் நிற்கும் சரக்குக்கு க்ராஸ் நன்றாக உதவுகிறது. சார்ஜ் செய்யும் பேட்டரி விளக்கை எடுங்கள். 8513 என்பது சொந்த மின்மூலத்தோடு, கையில் பிடித்தோ உடம்பில் மாட்டியோ பயன்படுத்தும் விளக்குகளுக்கானது. கைப்பிடியும் அமைப்பும் அதைக் காட்ட வேண்டும். டார்ச் விளக்குக்கு அங்கே 12.5 சதவீதம், மற்றதற்கு 3.5. மேசையில் வைத்துப் பயன்படுத்தவே செய்த, கைப்பிடி இல்லாத பேட்டரி விளக்கு 9405.21இல் நிற்கும். பேட்டரி இருக்கிறது என்பதற்காக அதை 8513இல் தள்ள முடியாது. பேட்டரியோடு கைப்பிடியும் இருந்து, மேசையிலும் நன்றாக நிற்கும் வகையில்தான் சண்டை. அதற்கு ரூலிங் கேட்பதே நல்லது.

பல்பு வேறு, விளக்கு வேறு. மாட்டுவதற்கான முனையோடு வரும் எல்.இ.டி. பல்பு 8539.52. முனை இல்லாத எல்.இ.டி. மாட்யூல் 8539.51. இந்த இரண்டுக்கும் 85ஆம் அத்தியாயத்தின் 11ஆம் குறிப்பில் வரையறை உண்டு, அதுவும் 2022இல் வந்ததுதான். சுவரோரம் ஒட்டும் எல்.இ.டி. பட்டைக்குப் பழைய ரூலிங்கை நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித்தரும் டிரைவர் தனியாக வந்தால் 8504, ஹோல்டர் தனியாக வந்தால் 8536.61. விளக்கோடு வரும் கூரை விசிறி பெரும்பாலும் விசிறியாகவே 8414.51.30இல் 4.7 சதவீதத்தில் போகிறது. அதே விசிறிக்கான விளக்குத் தொகுப்பை மட்டும் பெட்டியில் தனியாக இறக்கினால் அது 9405க்குத் திரும்பிவிடும்.

சீரியல் செட்டில் ‘கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பயன்படும் வகை’ என்றால் 8 சதவீதம். தோட்டத்திலும் மொட்டைமாடியிலும் கட்டும் பெரிய குமிழ் வகை 9405.42இலோ 9405.49இலோ போய்த் தீர்வை குறையும். அட்டையில் பனிக்கட்டியும் மரமும் அச்சடித்துவிட்டு ‘இது தோட்டத்துக்கு’ என்று வாதாடுபவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். இங்கே கேள்வி, அந்த வகைச் சரக்கு முதன்மையாக எதற்குப் பயன்படுகிறது என்பது. விளக்குகளுக்கு இடையே உள்ள தூரம், வயரின் நீளம், பெட்டியின் படம், விற்பனைக் காலம் எல்லாம் சான்றாகும்.

இனி இ-ரூலிங். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் மட்டும் செலவு வரலாம். துறையின் இணையதளத்தில் உள்ள படிவத்தை நிரப்பி, படங்களையும் கோப்புகளையும் இணைத்து அனுப்பினால் நியூயார்க்கில் உள்ள தேசியச் சரக்கு வல்லுநர் பிரிவு பதில் தருகிறது. வழக்கமான கேள்விக்கு 30 நாளில் பதில் என்பது துறை சொல்லும் கால அளவு. வாஷிங்டன் தலைமையகத்துக்கு அனுப்ப நேர்ந்தால் 90 நாள். ஒரே கோரிக்கையில் ஒரே வகைச் சரக்காக 5 பொருள் வரை கேட்கலாம். மூன்று சுவர் விளக்கு, இரண்டு கூரை விளக்கு என்று கேட்பது சரி. சுவர் விளக்கையும் மெழுகுவத்தித் தாங்கியையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் ஒன்றாகக் கட்டி அனுப்பினால் திருப்பிவிடுவார்கள். அதோடு, இனி வரப்போகும் சரக்குக்கு மட்டுமே கேட்க முடியும். துறைமுகத்தில் ஏற்கனவே நிற்கும் சரக்குக்கு வேறு வழி: துறைமுகச் சுங்க அதிகாரிகள் மூலமாகத் துறைக்குள்ளேயே ஆலோசனை கேட்பது.

கோரிக்கையில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் முழுப் பலனும். விளக்குகளுக்குக் குறைந்தது இவை வேண்டும்: எங்கே பொருத்துவது (கூரை, சுவர், மேசை, தரை), சுவரில் நிரந்தரமாகப் பொருத்துவதா வயரும் பிளக்கும் உள்ளதா, ஹோல்டர் வகை, ஒளித்தகடு மாற்றக்கூடியதா, ஒவ்வொரு பாகத்தின் பொருள், எடை, விலைப் பகுப்பு, பல்பு சேர்ந்து வருகிறதா, பேட்டரி இருந்தால் எப்படிச் சார்ஜ் ஆகும், பெட்டியின் மேலுள்ள வாசகம், தயாரிக்கும் நாடு, இறங்கும் துறைமுகம். இதில் எது விடுபட்டாலும் கோரிக்கை முழுமையில்லை என்று திரும்பி வரும், அல்லது நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பதில் வரும். இரண்டாவதுதான் மோசம். ‘உலோகம்’ என்று மட்டும் எழுதினால் அந்த ரூலிங் உங்களைப் பித்தளைக்குக் கொண்டுபோகாது, 60இலேயே நிறுத்திவிடும். நீங்கள் எழுதியது சரக்கோடு பொருந்தாவிட்டால் ரூலிங்கே செல்லாமல் போகும். உங்களுக்கு எந்த எண் சரி என்று படுகிறதோ அதையும் காரணத்தோடு எழுதுங்கள், க்ராஸில் கிடைத்த ரூலிங் எண்களையும் சேருங்கள். உங்கள் வாதத்துக்கு எதிரானதை மறைக்காதீர்கள். அங்கிருப்பவர்களுக்கு அது உங்களைவிட முன்பே தெரியும்.

இந்தப் பதில்கள் க்ராஸில் வெளியாகும். விலைப் பகுப்போ பாகத்தை வாங்கும் இடமோ போட்டியாளர் கண்ணில் படக் கூடாதென்றால், எந்தப் பகுதி ரகசியம், ஏன் என்பதைக் கோரிக்கையிலேயே குறிப்பிட வேண்டும். வெளியான பிறகு கேட்டுப் பயனில்லை.

சாதகமான ரூலிங் கிடைத்தால் எல்லா அமெரிக்கத் துறைமுகங்களும் அதன்படிதான் நடக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்படுத்தும் கட்டணத் தகவல் மூன்று ஆண்டில் காலாவதியாகிறது. அமெரிக்க ரூலிங்குக்கு அப்படி ஒரு கெடு இல்லை. குறைந்தது 60 நாள் நடைமுறையில் இருந்த ரூலிங்கைத் துறை மாற்ற நினைத்தால் சுங்க இதழில் அறிவித்துக் கருத்துக் கேட்ட பிறகே மாற்ற முடியும். இந்த நிலைத்தன்மைக்காகவே இ-ரூலிங்குக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டதோ அவருக்கும், அதில் வர்ணித்த சரக்குக்கும்தான். பக்கத்து நிறுவனத்தின் ரூலிங்கைக் காட்டி ‘எங்களுக்கும் இதே’ என்று சட்டப்படி கேட்க முடியாது. வாதத்துக்குத் துணையாகக் காட்டலாம், அவ்வளவுதான். க்ராஸை வைத்தே முழு இறக்குமதியும் நடத்துபவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

ரூலிங்கில் எழுதியிருக்கும் தீர்வை விகிதம் அன்றைய விகிதம். சீனாவிலிருந்து வரும் 9405 விளக்குகள் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்க வணிகச் சட்டத்தின் 301ஆம் பிரிவின்படி 25 சதவீதம் கூடுதலாக வந்து சேர்ந்தது, அதற்கு 9903.88.03 என்ற தனி எண்ணையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். 99ஆம் அத்தியாயத்தின் இப்படிப்பட்ட கூடுதல் தீர்வைகள் அடிக்கடி மாறுகின்றன. 2017இன் ரூலிங்கில் அவற்றின் சுவடே இருக்காது. விகிதத்தைக் கட்டண அட்டவணையின் அன்றைய பதிப்பில் பாருங்கள், ரூலிங்கில் பார்க்காதீர்கள். மூலநாடும் வேறு கேள்வி. ஒரு நாட்டுப் பாகங்களை இன்னொரு நாட்டில் பூட்டிய விளக்கு எந்த நாட்டுச் சரக்கு என்பதை, தனியாகக் கேட்காவிட்டால் வகைப்பாட்டு ரூலிங் சொல்லாது.

சுங்க முகவர் எண் கொடுத்துவிட்டார், இனி நமக்கென்ன என்று இருக்க முடியுமா என்றால், முடியாது. நியாயமான கவனம் எடுக்கும் பொறுப்பு இறக்குமதியாளருடையது என்று சட்டமே சொல்கிறது. நல்ல முகவர் கேள்வி கேட்பார்: ஹோல்டர் என்ன, எடைப் பகுப்பு எங்கே என்று. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பத்து இலக்கமும் சொல்லிவிடுபவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ரூலிங் வந்ததும் அதன் எண்ணை முகவருக்குக் கொடுத்து, ஒவ்வொரு என்ட்ரியிலும் (சரக்கை இறக்கச் சுங்கத்திடம் தரும் அறிவிப்பில்) குறிப்பிடச் சொல்லுங்கள். ரூலிங் இருந்தும் குறிப்பிடாமல் விடுவது விதிக்கு எதிரானது. கோரிக்கையின் நகல், பகுப்புப் பட்டியல், அனுப்பிய மாதிரியின் படம் எல்லாவற்றையும் என்ட்ரி தேதியிலிருந்து ஐந்து ஆண்டு வைத்திருங்கள். எண் தவறாகப் போய், அந்த என்ட்ரியின் தீர்வைக் கணக்கைச் சுங்கம் முடித்துவிட்டால், முடித்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எதிர்ப்பு மனு தரலாம். அடுத்த பருவத்தில் தயாரிப்பாளர் ஹோல்டரை எடுத்துவிட்டு உள்ளேயே எல்.இ.டி. பொருத்தினாலோ, பித்தளைத் தண்டுக்குப் பதில் துத்தநாகம் போட்டாலோ, மாடல் எண் அதேதான் என்றாலும் சரக்கு வேறு. பழைய ரூலிங் அதைத் தாங்காது, புதிதாகக் கேட்க வேண்டும்.